முதல் வாய் அம்மாவுக்கு

ஷாஜியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தட்டில் மொறுமொறுவென்று பொரித்த மத்தி. எதிரே அழாத குறையாக அவள் அம்மா பாஜிலா.

“ஒரே ஒரு வாய்டி தங்கம். இந்தத் துண்டுல முள்ளெல்லாம் எடுத்துட்டேன், பாரு.”

“நீ மொதல்ல தின்னு. அப்பத்தான் நான் திம்பேன்.”

ஐந்து வயசுக்கு என்ன அழுத்தம்! பாஜிலா வாடை தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பது வயதில், கோம்பையில் மாமா வீட்டில், அவள் தொண்டையில் மீன் முள் சிக்கிக்கொண்டது. வெறுஞ்சோறும் வாழைப்பழமுமாக விழுங்கி விழுங்கி அரை நாள் அழுதாள். அன்றோடு மீனுக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. உத்தமபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் அடுப்பில் மீன் சட்டி ஏறியதில்லை. கணவன் ஆசாத்துக்கு ஆசை வந்தால், மகளைக் கூட்டிக்கொண்டு கம்பத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவான்.

அப்படிப்பட்டவளைப் போன மாதம் ஒரு சீட்டு புரட்டிப் போட்டுவிட்டது. ஷாஜியாவுக்குச் சளிக்காய்ச்சல் என்று டாக்டரிடம் போனார்கள். தனக்கும் தலை சுற்றுகிறது என்று பாஜிலா சொல்லிவைக்க, இருவருக்கும் சேர்த்தே ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் ரிப்போர்ட்டை வாங்கி வந்த ஆசாத்தின் முகம் சரியில்லை.

“ரத்தம் ரொம்பக் கம்மியாம். வாரத்துல மூணு நாளு மீனு குடுக்கச் சொன்னாக.”

“யா அல்லாஹ்! எம்புள்ளைக்கா இந்தக் கதி!” என்று மகளை வாரி அணைத்துக்கொண்டாள் பாஜிலா. ஆசாத் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து, குமுளி வழியாக வரும் மீன் வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்தால் முதல் ஆளாக நிற்பது பாஜிலாதான். பிள்ளை தேறினால் போதும், மீன் என்ன, மீன் வண்டியையே தின்னச் சொன்னாலும் தின்பாள்.

இன்றும் கண்ணை மூடி, “பிஸ்மில்லாஹ்” என்று ஒரு துண்டை வாயில் போட்டாள்.

“ம்ம்ம்... என்னா ருசி தெரியுமா!” கண்ணில் தண்ணீர் முட்டியது.

“முழுங்கிட்டியா? ஆ காட்டு.”

காட்டினாள். அதன் பிறகே ஷாஜியா ஒரு துண்டை எடுத்து, நடுமுள்ளை அலுங்காமல் உருவி ஓரமாக வைத்துவிட்டுத் தின்றாள்.

“இப்ப நீ. முள்ளப் பாத்துத் தின்னும்மா.”

மாற்றி மாற்றித் தட்டு காலியானது. மூன்றாவது துண்டைத் தின்னும்போது மூக்கைப் பிடிக்க மறந்துபோனது பாஜிலாவுக்கு அப்புறம்தான் உறைத்தது. அட, மிளகும் எலுமிச்சம்பழமும் சேர்ந்தால் இது கூட நன்றாகத்தான் இருக்கிறது! ஒரு மாதப் பாடு வீண்போகவில்லை. பிள்ளை கன்னம் கூடப் பளபளவென்றுதான் இருக்கிறது. பிடிவாதக்காரியைத் தின்ன வைத்துவிட்டோம் என்ற பெருமையோடு, பாட்டுக்கூட முனகிக்கொண்டு தட்டைக் கழுவினாள்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ஆசாத் கடையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டான். ‘இன்னைக்கு உங்க மக தட்டையே காலி பண்ணிட்டா’ என்று சொல்லி அவனை அசத்திவிட வேண்டும் என்று ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி விரைந்தாள்.

அதற்குள் ஷாஜியா முந்திக்கொண்டாள். அத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அடுத்த தெருவுக்கே கேட்கிற மாதிரி அவன் காதில் ரகசியம் சொன்னாள்:

“அத்தா, அம்மாவ இன்னைக்கு மூணு துண்டு தின்ன வச்சிட்டேன்! சைக்கிள் எப்ப வாங்கித் தருவீக?”