எப்போது மாற்றப் போகிறீர்கள்?

ஆஸ்பத்திரியின் சர்வர் அறையில் குளிர் எலும்பைத் தொடுகிறது. ஆனாலும் கம்ப்யூட்டர் பார்க்கும் அக்காவின் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருக்கிறது. சர்வருக்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு பெட்டிகளில் ஒன்று செத்து, ஆரஞ்சு விளக்கு எரிகிறது. மற்றொன்று ஒற்றை ஆளாய்ப் பாரம் சுமந்து சூடேறிக்கொண்டிருக்கிறது. மேல்மாடியில் ஒரு பெண்ணுக்குத் தலையில் அறுவை சிகிச்சை. டாக்டர் பார்க்கும் படங்கள் இங்கிருந்துதான் போகின்றன. கை தவறி நல்ல பெட்டியை உருவினால் மேலே திரை இருண்டுவிடும்.

“ஓடும்போதேயா கழட்டப் போறீங்க?” மேலே ஆபரேஷன் தியேட்டரோடு பேசும் போனைக் காதில் வைத்தபடி வாசலில் நிற்கும் நர்ஸ் கேட்கிறாள்.

“கழட்டலாம்மா. எதைக் கழட்டுறோம்னு மட்டும் தெரிஞ்சிருக்கணும்.”

அக்கா குனிந்து, ஆரஞ்சு விளக்கின் கீழிருக்கும் எண்ணை வாய்விட்டுப் படிக்கிறாள். செத்த பெட்டி இதுதான் என்று கம்ப்யூட்டர் காட்டியதைப் பார்த்து உள்ளங்கையில் எழுதிவைத்த எண்ணோடு ஒப்பிடுகிறாள். மறுபடியும் ஒருமுறை. பிறகு அந்தப் பெட்டியின் வயரை மட்டும் பிடுங்கி, கொக்கியை அழுத்தி, அடியில் ஒரு கை கொடுத்து மெல்ல வெளியே இழுக்கிறாள். கறுப்பாக வாய் பிளக்கிறது இடைவெளி. சர்வரின் விசிறிகள் திடீரென்று உரக்க இரைகின்றன. நர்ஸ் கண்களை மூடிக்கொள்கிறாள். புதுப் பெட்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போய் ‘டக்’கென்று உட்காருகிறது. வயரைச் செருகுகிறாள். விளக்கு இரண்டு தரம் சிமிட்டிவிட்டுப் பச்சையாய் நிற்கிறது, இரைச்சலும் தணிகிறது.

“மேலே படம் தெரியுதா, கேளு.”

நர்ஸ் கேட்கிறாள். கண்கள் விரிகின்றன.

“எப்பக்கா மாத்தப் போறீங்கன்னு கேக்குறாங்க!”

அக்கா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அறை அதிரச் சிரிக்கிறாள்.

“மாத்தியாச்சுன்னு சொல்லு!”