வால்வெள்ளியின் பெயர்

"நஸ்லா, இந்த அப்டேட்ட நிப்பாட்ட ஏலாதா?"

அஸ்கி போனை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினான். போன் திரையில் சின்ன விண்கலமொன்று சுற்றிக்கொண்டிருந்தது. அப்டேட் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது.

"கேம்தானே? இறங்கினா இறங்கட்டும். அதுக்கேன் இப்படி வேர்க்குது?"

"இதுவரைக்கும் ஆரோட விளையாடுறமெண்டு ஆருக்கும் தெரியாது. இனி மத்தவர்ட பேர், நம்மட போன்ல பதிஞ்சிருக்கிற மாதிரியே தெரியுமாம்."

இரண்டு பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டு அது. ஒரே கலத்தை இருவரும் இரு பக்கமிருந்து தள்ள வேண்டும். தள்ளல் கூடினால் கலம் இருட்டுக்குள் போய்விடும். குறைந்தாலோ, கிரகம் இழுத்து விழுங்கிவிடும். 'வால்வெள்ளி' என்ற பெயரில் வந்த ஒருவர்தான் பல மாதமாக அஸ்கியின் கூட்டாளி. இதே கல்முனைப் பக்கத்து ஆள் என்பது மட்டும் தெரியும்.

நஸ்லாவின் புருவம் ஏறியது. "ஆரு, பொம்புளையா?"

"அல்லாஹ்வே! மச்சான் மச்சானெண்டுதான் கேம் சாட்டுல நான் எழுதுற. ஆனா மனசுல கிடந்ததையெல்லாம் கொட்டிட்டேன். ஒன்ட உம்மாவப் பத்தி."

அவன் மாவனல்லையிலிருந்து சாய்ந்தமருதுக்கு, நஸ்லாவின் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து மூன்று வருடம். மாமி சுபைறா ஒருநாளும் அவன் முன்னால் வந்ததில்லை. "மருமகனுக்குச் சோறு போட்டாச்செண்டு சொல்லு மகள்" என்று எல்லாம் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்துதான்.

"என்ன சொன்னீங்க?"

"மாமிக்கு என்னைக் கண்ணுல காட்ட ஏலாது, அக்கரைப்பற்றுல வாடகை வீடு பார்க்கிறேனெண்டு."

நஸ்லா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வாடகை வீடா? எனக்கே சொல்லாம? இஞ்ச மாமிமார் மருமகனுக்கு முன்னுக்கு வாறல்ல. அது மரியாதை."

"எங்கட ஊருல மாமிமார் பக்கத்துல இருந்து சோறு போட்டுத் தருவாங்க. மூணு வருஷமா ஒரு சொல்லும் கதைக்காம இருக்கிறதா மரியாதை?"

"மெதுவா! உம்மா உள்ளுக்க போன்ல மார்க்கப் பயான் கேட்டுட்டு இருக்கா." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அதுக்கு அந்தாள் என்ன சொன்ன?"

"ஒண்டுமே சொல்லல்ல. அதுக்குப் புறகு ஆளையே காணல்ல. அதுதான் பயம்."

"ஆராயிருக்கும்?"

"கேஸ் சிலிண்டர் கடை வச்சிருக்கிற என்ட நம்பர் இல்லாத போன் இந்தப் பக்கம் இருக்கா? எதிர்க்கடை முபீனாயிருந்தா முடிஞ்சிது. அஸர் தொழுகைக்கு முன்னம் மாமிட காதுக்குப் போயிரும்."

"முபீனா? அஸருக்கு முன்னம் காத்தான்குடி வரைக்கும் போயிரும்." நஸ்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கியது. "உம்மா கேட்டா உசிர விட்டிருவா. போன நிப்பாட்டுங்க!"

அஸ்கி பதறிப்போய் போனின் பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினான். கை வியர்வையில் விரல் வழுக்கியது. 'டிங்' என்றது போன். அப்டேட் முடிந்துவிட்டது.

"ஆரெண்டு பாருங்க."

"எனக்கு ஏலா. நீயே பாரு."

நஸ்லா பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு போனை அவனிடமே நீட்டினாள்.

வால்வெள்ளி இருந்த இடத்தில் 'நஸ்லாட உம்மா' என்றிருந்தது.

அதன் கீழே, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்துகள் வந்து விழுந்தன: "ஒங்களப் புடிக்காம இல்ல மகன், முகத்தப் பார்த்துக் கதைக்க வெக்கம். வீட்ட விட்டு மட்டும் போயிராதீங்க."