ஒரே ஒரு சிக்னல்

"என் பொண்ணு கால் உடைஞ்சு விழுந்து கிடந்த இடத்துல டிராஃபிக் சிக்னல் கிடையாதுன்னு சொல்ல, உனக்கு எப்படிம்மா மனசு வந்தது?"

டெய்லர் கேட்டதும் வார்டு கூட்டம் மொத்தமும் கை தட்டியது.

மேடையில் நின்ற சர்வே பொண்ணு கையிலிருந்த கணக்குத் தாளைப் புரட்டினாள். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். போக்குவரத்துப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இப்படி ஊரே திரும்பி முறைக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

"கிடையாதுன்னு சொல்லலைண்ணா. இந்த வருஷம் நம்ம வார்டுக்கு ஒரே ஒரு சிக்னல்தான் தர்றாங்க. ஸ்கூல் வளைவைவிட ஆஸ்பத்திரி கேட்டுலதான் ஆபத்து அதிகம்னு கணக்கு சொல்லுது."

"கணக்கு சொல்லுதாம்! உன் கணக்கு என்னிக்காவது ரோட்டைக் கடந்து பார்த்திருக்கா?"

கூட்டம் சிரித்தது.

"சரி, ஆஸ்பத்திரி கேட்டுல இதுவரைக்கும் யாருக்குக் கால் உடைஞ்சுது? ஒருத்தரைக் காட்டு."

"யாருக்கும் உடையலைண்ணா."

"அப்புறம் என்ன?"

"உடைய இருந்து தப்பிச்சவங்க நிறைய. ஜனங்க கடக்கறப்போ வண்டி சட்டுன்னு பிரேக் அடிக்குதே, அதைத்தான் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி எண்ணினோம். பாப்பாவுக்கு அடிபட்டப்புறம் ஸ்கூல் வளைவுல எல்லாரும் கொஞ்சம் பார்த்துத்தான் போறாங்க. ஆஸ்பத்திரி கேட்டுல அந்தப் பயம் யாருக்குமே இல்லை."

"ஓஹோ! அடிபடாத இடத்துக்கு சிக்னல். அடிபட்ட இடத்துக்குப் பெரிய கும்பிடு!"

மறுபடியும் கைதட்டல். பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, மழை நாள்லயும் இதே கதைதானா?"

சர்வே பொண்ணு ஒரு நொடி தயங்கினாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும்.

"தெரியாதுங்க. நாங்க எண்ணினப்போ மழையே பெய்யலை."

"பார்த்தீங்களா, அவளுக்கே தெரியாதாம்!"

வார்டு தலைவி மேஜையைத் தட்டினார். "டெய்லர், கொஞ்சம் உட்காருங்க. அந்தப் பொண்ணைப் பேச விடுங்க."

"நான் என்ன தலைவியம்மா, அவ வாயையா பொத்தினேன்? இதையெல்லாம் எண்ணினது யாரு? ஃபேன் காத்துல உட்கார்ந்துகிட்டு எண்ணினாங்களா?"

"இல்லைண்ணா. நம்ம வார்டு ஜனங்களே பேர் கொடுத்து, ரோட்டுல நின்னு எண்ணினாங்க."

டெய்லர் முகம் மலர்ந்தது.

"அப்படி வா வழிக்கு! என் வீட்டுக்காரியும்தான் வெயில்ல நின்னு எண்ணிட்டு வந்தா." கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். "ஏய், எந்திரி. நம்ம வளைவுல வண்டிங்க எப்படிப் பறக்குதுன்னு நீயே சொல்லு. பெத்தவ வாயால கேட்கட்டும்."

டெய்லரின் மனைவி தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"நான் நம்ம வளைவுல நிக்கலைங்க."

"என்னது?"

"யாரையும் அவங்கவங்க தெருவுல நிறுத்தக் கூடாதுன்னு ஒரு விதி வெச்சிருந்தாங்க. என்னை ஆஸ்பத்திரி கேட்டுலதான் நிறுத்தினாங்க."

அவள் மேடையில் நின்றவளைக் காட்டினாள்.

"அந்தப் பொண்ணு சொல்றது நிஜம்தாங்க. பஸ் ஸ்டாப் எதிர்ப்பக்கம் இருக்கு. கண்ணுல கட்டோட வர்றவங்க, ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு வர்றவங்க, எல்லாரும் பாதி ரோட்டுல வந்து மலைச்சுப் போய் நின்னுடறாங்க. ஒரு பிள்ளைத்தாச்சிப் பொண்ணு கையில இருந்த பையை லாரி இழுத்துட்டே போச்சு. எனக்கு உசுரே போயிடுச்சு. சிக்னல் அங்கேதான் வேணும்."

"பெத்த வயிறா இது?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

டெய்லருக்குக் காது சிவந்தது. "அப்போ நம்ம பாப்பாவைவிட ஊர் பேர் தெரியாதவங்க முக்கியமாப் போயிட்டாங்களா உனக்கு?"

"நம்ம பாப்பா இன்னிக்கு நடக்கறான்னா அந்த ஆஸ்பத்திரியாலதானே? கட்டு மாத்த எத்தனை தடவை போயிருப்போம்! அவளைத் தோள்ல போட்டுக்கிட்டு, ஒரு கையை நீட்டி, 'நிறுத்துங்கப்பா, நிறுத்துங்கப்பா'ன்னு கத்திக்கிட்டே அந்தக் கேட்டைக் கடந்தீங்களே, மறந்துட்டீங்களா? அப்போ அங்கே நாமளும் ஊர் பேர் தெரியாதவங்கதானே?"

டெய்லர் நாற்காலியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவி ஓட்டுக்கு விட்டார். "ஆஸ்பத்திரி கேட்டுக்கு ஆதரவா இருக்கிறவங்க கை தூக்குங்க."

அரங்கத்தில் முதலில் மேலே போனது டெய்லரின் கைதான். அதைப் பார்த்து ஒவ்வொரு கையாக உயர்ந்தது. அடுத்த சிக்னல் வரும்வரை ஸ்கூல் வளைவில் ஒரு வேகத்தடையாவது போட்டுத் தருவதாகத் தலைவி ஒப்புக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் சர்வே பொண்ணு ஓடிப்போய் டெய்லர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப நன்றிக்கா. சொந்தப் பொண்ணுக்கு அடிபட்டும், உள்ளதை உள்ளபடி சொன்னீங்களே. உங்களை மாதிரி நேர்மையான ஆளை நான் பார்த்ததே இல்லை."

டெய்லர் மனைவி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நேர்மையா? நானா? எண்ணறதுக்குப் பேர் கொடுத்ததே எங்க வளைவுக்கு சிக்னல் வாங்கிடணும்னுதாம்மா. அங்கே மட்டும் என்னை நிறுத்தியிருந்தா ஒவ்வொரு பிரேக்கையும் மூணா எண்ணியிருப்பேன். நான் அவ்வளவு கெஞ்சியும் முடியாதுன்னு சொன்னியே, அதுக்கு நான்தான் உனக்கு நன்றி சொல்லணும்."