கடல் தாண்டிய கருத்து

"கேன்சரா, வெறும் புண்ணா? வயித்தைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கிறேன், சீக்கிரம் சொல்லுங்கம்மா!"

அறுவை அரங்கிலிருந்து இன்டர்காமில் சர்ஜன் கத்தினார். மேஜையில் மயக்கத்தில் கிடந்தவர் அதே மருத்துவமனையின் லிஃப்ட்காரர். புண் என்றால் தைத்து மூடிவிடலாம். கேன்சர் என்றால் இரைப்பை மொத்தமும் போய்விடும். சாப்பாட்டுப் பிரியரான அந்த மனிதர் அப்புறம் கோழிக்குஞ்சு மாதிரி கொத்தித்தான் தின்ன வேண்டும்.

வெட்டி அனுப்பிய துணுக்கை உறையவைத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி ஸ்லைடாக்கிப் பார்த்த லேப் டாக்டர், மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"வெறும் புண்தான் சார். மூடிடுங்க."

"எனக்கு என்னமோ கேன்சர் மாதிரிதான் தெரியுது. உங்க பேச்சை மட்டும் நம்பி எப்படி மூடுறது? ஸ்லைடை ஸ்கேன் பண்ணி, நெட்ல பார்த்துக் கருத்துச் சொல்றாங்களே, அந்த வெளிநாட்டு மையத்துக்கு அனுப்புங்க. அங்க இருக்கறவங்கதான் டாக்டருங்க!"

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் லிஃப்ட்காரரின் இரைப்பையைப் பணயம் வைத்து ரோஷம் காட்ட முடியுமா? தலையசைத்தாள்.

டெக்னீசியன் ஸ்லைடை ஸ்கேனரில் செருகினார். மூன்று நிமிடத்தில் அது முழுசாகப் படமாகி, பேரும் ஊரும் இல்லாமல் வெறும் எண்ணோடு பறந்தது.

"போயிடுச்சு மேடம். இருபது நிமிஷத்துல பதில் வருமாம்."

அவள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாவம், அழத்தான் போகிறாள் என்று நினைத்தார் டெக்னீசியன். அவருக்கே மனசு கேட்கவில்லை.

"பதில் வந்துச்சா?" நிமிடத்துக்கு ஒருதரம் இன்டர்காம் அலறியது.

"இன்னும் இல்ல சார்."

"பெரிய இடம்யா. நிதானமாத்தான் பார்ப்பாங்க. நம்மாளு மாதிரி எடுத்தேன் கவிழ்த்தேன்னு சொல்ல மாட்டாங்க."

பதினெட்டாவது நிமிடம் பதில் வந்தது. டெக்னீசியன் உரக்க வாசித்தார்: "கேன்சர் இல்லை. வெறும் புண். இரைப்பையை எடுக்க வேண்டாம்."

"பார்த்தியா, என்ன ஒரு தெளிவு!" என்று சர்ஜன் தைக்க ஆரம்பித்தார்.

ஒரு மணி நேரம் கழித்து அவரே லேபுக்கு வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"கண்ணைத் திறந்ததும் சாப்பாடு எப்போன்னு கேக்கறான் மனுஷன்!"

"நானும் புண்ணுன்னுதானே சார் சொன்னேன்?" என்றாள் லேப் டாக்டர்.

"நீங்க குருட்டாம்போக்குல சொன்னீங்க. அவர் பார்த்துச் சொன்னார். அடேயப்பா, அதுவல்லவா கண்ணு! கத்துக்கங்கம்மா."

டெக்னீசியன் பக்கம் திரும்பினார். "அந்த நிபுணருக்கு ஒரு நன்றி டைப் பண்ணுங்க. 'ஐயா, உங்களை மாதிரி ஒருத்தர் எங்க லேப்ல இருந்தா, நான் தினமும் நிம்மதியா கத்தியை எடுப்பேன்.' ம், அனுப்புங்க."

டெக்னீசியன் பொத்தானை அழுத்தினார்.

லேப் டாக்டரின் கோட்டுப் பையிலிருந்த போனில் 'டிங்' என்று சத்தம் கேட்டது. அந்த வெளிநாட்டு மையத்தின் பகுதிநேர நிபுணர்களில் அவளும் ஒருத்தி. 'வேறு டாக்டருக்கு மாற்று' என்று மூன்று தடவை அழுத்தியும், இன்றைய முறை உங்களுடையதுதான் என்று ஸ்லைடை அவள் தலையிலேயே கட்டிவிட்டிருந்தது மையத்தின் கம்ப்யூட்டர்.