ஈரத் தலை

மழை பெய்து மாதக்கணக்காகிறது. அப்படியிருக்க, தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போன கொம்பன் தலை நனைந்து பட்டிக்குத் திரும்பியதும், செவலை ஆட்டுக்கு மனசுக்குள் சுருக்கென்றது.

அந்தக் காட்டு ஆடுகள் நேரடியாகத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு பட்டியும் ஒரு பிரதிநிதியை அனுப்பும். பிரதிநிதிகள் கூடி முடிவு செய்வார்கள். "வெள்ளச்சிக்குத்தான் தலையாட்டுவேன்" என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் கொம்பன் கிளம்பியிருந்தான்.

"வெள்ளச்சிதானே ஜெயிச்சா?" என்று கேட்டாள் செவலை.

"இல்லை. மயிலைக் கிடா."

"அவனா? எந்தப் பட்டியிலயும் அவன் பேரை ஒருத்தரும் சொல்லலையே! நீ அவனுக்கா தலையாட்டினே?"

"நான் எங்கே ஆட்டினேன்? எங்களைத் தோப்பிலே தங்க வெச்சு, அகத்திக்கீரையாப் போட்டாங்க. அப்புறம் வரிசையா நிறுத்தி, 'மயிலைக்குச் சம்மதமா?'ன்னு கேட்டுத் தலையிலே ஒரு செம்புத் தண்ணியை ஊத்தினாங்க. சில்லுன்னு இருந்துச்சு. உடம்பு சிலிர்த்துத் தலை தானா ஆடிடுச்சு. ஏகமனதாச் சம்மதம்னு அறிவிச்சுட்டாங்க."

"வாயைத் திறந்து மறுத்திருக்கலாமே?"

"வாய் நிறையக் கீரை இருந்துச்சே."

செவலை அவன் வாயை மோந்து பார்த்தாள். அகத்தி வாசம் இன்னும் போகவில்லை.

"நீ வீணா சந்தேகப்படாதே," என்றான் கொம்பன். "பிரதிநிதியெல்லாம் இனிமே வேண்டாம்னுட்டார் மயிலை. எதுவானாலும் உங்க ஒவ்வொருத்தரையும் நேரிலேயே கேட்டுத்தான் செய்வாராம்."

செவலை வாசல் பக்கம் திரும்பினாள். அங்கே மயிலையின் ஆட்கள் ஒரு பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.