எலுமிச்சைக்குத் தெரியாத பிரேக்

பிக்கப் வண்டிக்குக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பிரேக் குழாயில் கோளாறாம், கொண்டுவந்தால் சும்மாவே மாற்றித் தருவார்களாம். வண்டிக்காரி பூவரசி அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு மறந்துபோனாள்.

வண்டிக்கு நிம்மதி. முன்னால் தொங்கிய எலுமிச்சையிடம், "நீதான் இருக்கியே, பாத்துக்க மாட்டியா?" என்றது.

"கண்ணு பட்டா நான் பாத்துக்குவேன். பிரேக்கைப் பத்தி எனக்கு என்னடி தெரியும்? நாளைக்குப் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு மலைக்கோயிலுக்குப் போயிட்டு, அந்தச் சரிவுல இறங்கணும்."

"ஒர்க்‌ஷாப்புக்குப் போனா ஊரே சிரிக்குமே."

"வெள்ளிக்கு வெள்ளி என்னையே மாத்துறாங்க. யார் சிரிச்சா?"

மறுநாள் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தார்கள். பூவரசி எத்தனை தடவை சாவியைத் திருப்பியும் வண்டி கிளம்பவில்லை. அப்போதுதான் அவளுக்குக் கடிதம் ஞாபகம் வந்தது; தேடியெடுத்துக் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"டப்பா வண்டி," என்று சிரித்துக்கொண்டே பிள்ளைகள் இறங்கினார்கள். கடைசிப் பிள்ளையின் கால் தரையில் படும்வரை வண்டி மூச்சே விடவில்லை.