அழிச்சது நான்தான்

"வருஷம் போனா போகட்டும். ரீடிங்கை அழிச்சவளுக்கு என் லேப்ல இடம் கிடையாது!"

பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். எதிரே நின்ற இரண்டாம் ஆண்டு மாணவிக்கு முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"பயத்துல பண்ணிட்டேன் சார். ஒரு சொட்டு அதிகமா விழுந்துடுச்சு, கணக்கு இடிச்சுது. இந்த ஒரு தடவை விட்டுடுங்க சார். ஒரு வருஷம் போச்சுன்னா, படிச்சது போதும்னு அப்பா நிறுத்திடுவார்."

"அதை வெள்ளை மை தடவுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும். வெளியே நில்லு!"

வேதியியல் துறையில் அவருக்குப் பட்டப்பெயரே 'சிவப்பு மை'. சோதனை நோட்டில் ரீடிங் தப்பாகிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். அடித்ததும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மறைத்தீர்களோ, தொலைந்தீர்கள்! இந்த விஷயத்தில் மனுஷர் யார் சொன்னாலும் மசிய மாட்டார்.

ஒரு வருட இடைநீக்கக் கடிதம் மேசையில் தயாராக இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதற்குள் புது மாணவர்களின் வரவேற்புக் கூட்டத்துக்குச் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார்.

வேறு யாருமில்லை, அவருடைய வகுப்புத் தோழிதான். படிக்கிற காலத்தில் இருவரும் ஒரே மேசையில், ஒரே நோட்டில் சோதனை செய்தவர்கள். இப்போது தோழி, ஊர்த் தண்ணீரையெல்லாம் பரிசோதிக்கும் கூடத்தின் தலைவி.

"வா, வா! சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கே," என்று கடிதத்தைப் பெருமையோடு நீட்டினார் பேராசிரியர். "பாரு, நம்ம காலத்துக் கட்டுப்பாடு இம்மி குறையலை."

தோழி படித்துப் பார்த்தார். "வெளியே அழுதுட்டு நிக்குதே, அந்தப் பொண்ணா?"

"அழட்டும். நீ மேடையில நேர்மையைப் பத்தி நறுக்குனு ரெண்டு வார்த்தை சொல்லு. புதுப் பசங்க மனசுல பதியணும்."

"சொல்லிட்டாப் போச்சு!"

அரங்கம் நிறைந்திருந்தது. தோழி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"உங்க புரொபசர் சார் என்னை ஆகா ஓகோன்னு அறிமுகப்படுத்தினார். நடுவுல கொஞ்சம் விட்டுட்டார். பட்டம் வாங்கிட்டு நான் போன முதல் வேலை, லேப்ல பாட்டில் கழுவுறது. முழுசா எட்டு மாசம்! இதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்னு வீட்டுல ஒரே பாட்டு. ஆனா, கழுவாத பாட்டில் எப்படியெல்லாம் பொய் சொல்லும்னு அங்கேதான் கத்துக்கிட்டேன்."

பசங்க சிரித்தார்கள்.

"அடுத்த வருஷம் ரிப்போர்ட் எழுத விட்டாங்க. ஒரு ஆஸ்பத்திரித் தொட்டித் தண்ணிக்கு, தசமப் புள்ளியை இடம் மாத்தி வெச்சுட்டேன். கெட்ட தண்ணி நல்ல தண்ணியாயிடுச்சு! ரிப்போர்ட் போனப்புறம்தான் கண்ணுல பட்டுது. வேலை போனா போகுதுன்னு நானே ஓடிப்போய் மேலதிகாரிகிட்ட சொன்னேன். உடனே தொட்டியை மூடினாங்க. நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. வேலையும் போகலை. தானா வந்து தப்பைச் சொல்றவளோட கையெழுத்தை நம்பலாம்னு, அதுக்கப்புறம் முக்கியமான ரிப்போர்ட் எல்லாம் என்கிட்டத்தான் வந்துது."

'இதல்லவா பேச்சு!' என்று பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தத் தைரியம் எங்கேருந்து வந்துச்சு? ரெண்டாம் வருஷம் படிக்கிறப்போ, இதே லேப்ல, ஒரு ரீடிங்கை பிளேடால சுரண்டி அழிச்சிருந்துது. அழிச்சது நான்தான்னு எங்க சார்கிட்ட ஒத்துக்கிட்டேன். அவர் என்னை வீட்டுக்கு அனுப்பலை. அதே சோதனையைப் பத்து நாள் திரும்பத் திரும்பப் பண்ண வெச்சார். கை கழண்டு போச்சு, ஆனா பயமும் போயிடுச்சு. அதனால தப்பு பண்ணினா மறைக்காதீங்க. பயத்துல மறைச்சுட்டீங்களா? திரும்பி வந்து சொல்லுங்க. கதவைச் சாத்துறவங்க இங்கே யாரும் இருக்கக் கூடாது."

கைதட்டல் ஓய ரொம்ப நேரமானது. பேராசிரியர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அறைக்குள் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டார். "என்ன காரியம் பண்ணினே? நான் இத்தனை வருஷமா கட்டிக் காத்த கட்டுப்பாட்டை அஞ்சு நிமிஷத்துல காத்துல பறக்க விட்டுட்டியே! அதுவும் அத்தனையும் புளுகு! உன் பக்கத்துலயே நின்னவன் நான். நீயாவது, பிளேடு எடுக்கிறதாவது! நேர்மையைப் பத்திப் பேசச் சொன்னா, மேடையேறிப் பொய் சொல்லிட்டு வர்றே!"

"பொய்தான்," என்றார் தோழி நிதானமாக. "ஆனா புதுப் பொய் இல்லடா. இருபத்திரண்டு வருஷத்துப் பழைய பொய்."

"என்ன உளர்றே?"

"ரெண்டாம் வருஷம், காய்ச்சல்னு நீ ரெண்டு வாரம் லீவு போட்டே. அப்பத்தான் சார் நம்ம நோட்டை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தார். சுரண்டின இடத்துல ஓட்டை. உங்க ரெண்டு பேர்ல யாருன்னு கேட்டார். நான்தான்னு சொல்லிட்டேன். நீ திரும்பி வர்றதுக்குள்ள பத்து நாள் தண்டனையும் முடிஞ்சுபோச்சு."

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த பேராசிரியர், திறந்தபடியே நின்றார். அடியோடு மறந்து போயிருந்த அந்தச் சாயங்காலம், நோட்டு, தன் விரல்களுக்கு நடுவே இருந்த அரை பிளேடு எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

தோழி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அன்னைக்கு அந்தப் பொய்யை உனக்காகச் சொன்னேன். இன்னைக்கு, வெளியே நிக்கிற அந்தப் பொண்ணுக்காகச் சொன்னேன்."